ஹென்றி ரியோஸ் நாவல் படிச்சவங்க இருக்கீங்களா? தொடரலாமா விட்டுடலாமா?

பாதிப்பக்கம்:
மைக்கேல் நாவா எழுதின 'த லிட்டில் டெத்' நேத்து ராத்திரி தான் முடிச்சேன். 1986ல வந்த புக். ஹென்றி ரியோஸ்னு ஒரு கிரிமினல் வக்கீல், கலிஃபோர்னியாக்காரர், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), கே (ஆண்கள காதலிக்கற ஆண்), கூடவே குடி வேற. கோர்ட்ல எழுந்து நின்னு சாட்சிய பொளந்து கட்டுவார்னு நம்பி எடுத்தேன், ஆனா மனுஷன் முக்கால்வாசி நேரம் கோர்ட் பக்கமே போகல, காதலிச்சவன் செத்துட்டான்னு அலையறார், அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய பணக்காரக் குடும்பம்னு வந்ததுமே கதை எங்க போய் நிக்கும்னு எனக்கு ஓரளவு தெரிஞ்சு போச்சு. துப்பறியும் கதையா பாத்தா சுமார் தான். ஆனா ரியோஸ் மட்டும் மண்டைய விட்டுப் போக மாட்டேங்கறார். சீரிஸ் முழுக்க இப்டித்தானா?

குறுக்குவிசாரணை:
கோர்ட் வேணும்னா ரெண்டாவது புக் 'கோல்டன்பாய்' எடுங்க, 1988. ரெஸ்டாரண்ட்ல வேலை பாக்கற ஒரு டீனேஜ் பையன், கூட வேலை பாத்தவன கொன்னுட்டான்னு கேஸ். செத்தவன் 'நீ கேன்னு எல்லார்ட்டயும் சொல்லிடுவேன்'னு மிரட்டிட்டு இருந்தவன். கையில கத்தியோட பையன் மாட்டிக்கறான். இப்ப யோசிங்க, பையன் பக்கம் நியாயம் பேசணும்னா அவன் எத மறைக்க அவ்ளோ தவிச்சானோ அதையே வக்கீல் கோர்ட்ல எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கணும். எந்த வக்கீலுக்கும் வரலாம் இந்த சிக்கல், ஆனா ரியோஸும் கேங்கறதால அவருக்கு அது வேற மாதிரி வலிக்குது.

இன்னொண்ணு, நீங்க கோர்ட் இல்லன்னு சொன்னது நியாயம் தான், ஆனா நிஜத்துல டிஃபென்ஸ் வக்கீலுக்கு கொலைகாரன கண்டுபிடிக்கற வேலையே கிடையாது. தன் கட்சிக்காரர் தான் குற்றவாளியாங்கறதுல நியாயமான சந்தேகம் இருக்குன்னு ஜூரிய நம்ப வெச்சா போதும். ஆனா கதை படிக்கற நமக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சாகணுமே, அதனால எழுத்தாளர் அவர கோர்ட்ட விட்டு வெளிய இழுத்துட்டு வந்துடறார். நாவாவே வக்கீல், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துல வேலை பாத்தவர், தெரியாம பண்ணிருக்க மாட்டார்.

சந்தேகப்பிராணி:
எல்லாம் சரி, அதே கோல்டன்பாய்ல கேஸ்ல இருக்கற சாட்சி மேலயே காதல்ல விழறாரே அதுக்கு என்ன சொல்றீங்க? எதிர் வக்கீலுக்கு தெரிஞ்சா ஒரே கேள்வில அந்த சாட்சியம் காலி. இவ்ளோ விவரமான ஆள் இதுல மட்டும் ஏன் கோட்டை விடறார்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஹீரோ தப்பு பண்ணலாம், வேணாம்னு சொல்லல, ஆனா அதுக்கான விலைய கதையில கொடுக்கணும்ல. ஆனா ஒண்ண ஒத்துக்கறேன், அவர் கேங்கறத கடைசி அத்தியாயத்துல டப்புனு அவுத்து விடற ட்விஸ்டா வெக்கல. முதல்லயே தெரியும். அது பிடிச்சுது.

வெளிச்சம்குறைவு:
சந்தேகப்பிராணி சொல்றது சரி, அந்தக் காதல் எனக்கும் அவசரமா தான் பட்டுச்சு. ஆனா காலத்த மனசுல வெச்சுக்கிட்டு படிச்சா நெறைய விஷயம் வேற மாதிரி தெரியும். கலிஃபோர்னியால ஒரே பாலினத்தவர் உறவு 1976லயே குற்றப் பட்டியல்லேந்து போயிடுச்சு. ஆனா முதல் புக் வந்த அதே 1986ல தான், ஜார்ஜியா மாநிலம் அத குற்றமாவே வெச்சுக்கலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4ல தீர்ப்பு சொல்லுச்சு, அது மாற 2003 ஆச்சு. அதே 1986 நவம்பர்ல, எய்ட்ஸ் நோயாளிகள தனியா பிரிச்சு வெக்க வழி பண்ணிடும்னு எல்லாரும் பயந்த ஒரு சட்டம் கலிஃபோர்னியால வாக்கெடுப்புக்கு வந்துச்சு. மக்கள் தோக்கடிச்சாங்க, நல்லவேளை. 2021ல வந்த 'லைஸ் வித் மேன்' அந்த மாதிரி ஒரு வாக்கெடுப்ப வெச்சு தான் நகருது, எனக்கு சீரிஸ்லயே பிடிச்சது அதான்.

கேன்னு வெளிய தெரிஞ்சிடுமோங்கற இந்த பயம் தான் இந்தக் கதைகளோட மர்மமே. ஒருத்தனுக்கு அலிபி (சம்பவம் நடந்தப்ப வேற இடத்துல இருந்ததுக்கு ஆதாரம்) இருக்கும், ஆனா ராத்திரி யார் கூட இருந்தேன்னு சொன்னா வேலையும் வீடும் போயிடும். வாய் தொறக்காதவன் எல்லாம் குற்றவாளி மாதிரியே தெரிவான். போலீஸ் கதையில பொய் சொல்றவன புடிச்சா கேஸ் முடிஞ்சுது, இங்க பொய் சொல்றவன்ல பாதிப் பேர் உயிருக்கு பயந்து சொல்றவன்.

அப்புறம் பாதிப்பக்கம், நீங்க படிச்சது பழைய வடிவம். அதையே நாவா திருப்பி எழுதி 2016ல 'லே யுவர் ஸ்லீப்பிங் ஹெட்'னு விட்டார். காதல் அதுல இன்னும் ஆழமா இருக்கும். கோர்ட் அதிகமா இருக்கும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க 😄

பாதிப்பக்கம்:
அடப்பாவிங்களா, திருப்பி எழுதினது இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதையே எடுத்திருப்பேன். இப்ப ஒரே கதைய ரெண்டு தடவ படிக்க பொறுமை இல்ல, கோல்டன்பாய் தான் அடுத்தது. சந்தேகப்பிராணி, அந்த சாட்சி விஷயத்த முன்னாடியே சொல்லிட்டீங்களே, இனிமே யாரும் ஒரு வார்த்தை சொல்லாதீங்க, கத்தி யாருதுன்னு நானே பாத்துக்கறேன்.