அக்டோபர் 2 லீவில் தெருப் பசங்களை என்ன செய்ய?

காட்பாடிக்காரன்:
போன வாரம் கிரிக்கெட் சண்டையில் எங்கள் தெருப் பையனுக்கு நெற்றியில் நான்கு தையல். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பெஞ்ச்! காந்தி ஜெயந்தி அன்று மொட்டைமாடியில் பாட்டு, வாசிப்பு என்று ஏதாவது வைக்கலாமா? அறிவுரை என்றால் ஓடிவிடுவார்கள்.

குடியாத்தம் அக்கா:
பேச்சாளரை மட்டும் கூப்பிடாதீங்க தம்பி. நாங்கள் கூப்பிட்டவர் ஒன்றரை மணி நேரம் அகிம்சை பேசினார். பின்வரிசையில் ஒருத்தனை ஒருத்தன் கிள்ளிக்கொண்டிருந்தான். அப்புறம் கஞ்சிராவைக் கையில் கொடுத்தோம். ஒருவன் பாட, இன்னொருவன் தாளம். பாடுகிறவனைக் கவனிக்காமல் தாளம் போட முடியுமா என்ன?

பழைய வாத்தியார்:
2007 முதல் ஐ.நா.வும் அன்றைக்குத்தான் சர்வதேச அகிம்சை தினம் கொண்டாடுகிறது. வள்ளிமலைக்குக் கூட்டிப் போங்கள். பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன; எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள் நம்ம ஊர் மலையில் இருந்தார்கள் என்று நேரிலேயே காட்டலாம். அங்கேயே திருக்குறள் 32ஆம் அதிகாரம், இன்னா செய்யாமை. பத்தே குறள், ஆளுக்கு ஒன்று வாசிக்கட்டும். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள்.

காட்பாடிக்காரன்:
சரி, வள்ளிமலைதான். அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் கேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கட்டும்.