புதுப்பிப்பு: மாருதி 800 ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டது எதனால் என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல் தகடு) மாற்றி வந்ததிலிருந்து, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள என் பழைய வண்டியில் பெடலை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்கவில்லை, பெங்களூரு ஓசூர் ரோடு சிக்னலில் அலறிக்கொண்டே நின்றது. பலரும் கார்புரேட்டரைக் கழுவச் சொன்னீர்கள். கழுவினேன், மாற்றமில்லை.

நேற்று இன்ஜினை அணைத்து, ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வரும் கேபிளைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றிவிட்டு, அது இழுக்கும் லிவரை மட்டும் கையால் திருப்பி விட்டேன். டக்கென்று பழைய இடத்துக்கே திரும்பியது. அப்படியென்றால் கோளாறு கேபிளில்தான். டார்ச் அடித்துப் பார்த்தால், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டும்போது கேபிளின் மேலுறை அதற்கடியில் சிக்கி நசுங்கியிருக்கிறது, உள்கம்பியில் இரண்டு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, விரலில் குத்திய பிறகுதான் கண்ணிலேயே பட்டது. தயவுசெய்து இதற்கு எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், பிரிந்த இழை எப்போது வேண்டுமானாலும் உறைக்குள் மாட்டும்.

ஜே.சி. ரோட்டில் புதுக் கேபிள் வாங்கி, மடிப்பு விழாமல் அகலமாக வளைத்துப் போட்டேன். தம்பி பெடலை மிதித்து மிதித்து விட, லிவர் முழுக்கத் திறந்து மூடுவதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தேன். இன்று சில்க் போர்டு நெரிசலிலும் ஐடில் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சீராக இருந்தது.

அப்புறம் ஒன்று, ஓடும்போது மாட்டினால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக் பிடித்து ஓரங்கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவ வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.