முதன்முதல் ஓர்கெஸ்ட்ரா கேட்ட நாள்: அப்பாவின் மூன்று தட்டு

வெள்ளவத்தையிலிருந்து:

போன மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பு 7இல் ஒரு மண்டபத்துக்குப் போனேன். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி, நாலு பகுதியாக வாசிக்கிற நீண்ட இசை. அப்பா 40 வருடம் மிருதங்கம் வாசித்தவர். ஓர்கெஸ்ட்ராவை நேரில் கேட்பது எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

தொடங்குமுன் ஓபோ என்ற ஊதுகுழல் ஒரு சுரம் பிடிக்க, மற்ற வாத்தியங்கள் எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. "சுருதி சேர்க்கிறாங்கள்" என்று அப்பா என் காதுக்குள் சொன்னார். முகமே மலர்ந்துவிட்டது.

முதல் பகுதியின் அந்த நாலு சுரம் எல்லாருக்கும் தெரியும்தானே. ஒரே வரியை வைத்து நிரவல் செய்வதுபோல் ஏழெட்டு நிமிடம் அதையே விரித்துக்கொண்டு போனார்கள். எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் தட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பகுதி முடிந்ததும் அப்பா கைதட்டினார். அவர் ஒருவர் மட்டும். மூன்று தட்டு. முன்வரிசையில் இருந்தவர் உடம்பை முழுதாகத் திருப்பி, உதட்டில் விரல் வைத்து, சின்னப்பிள்ளையை அடக்குவதுபோல் பார்த்தார். அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் பகுதி முடிகிற இடத்தில் வயலின்கள் மூச்சடக்கி ஒரே சுரத்தில் நிற்க, டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். வேறு கச்சேரி என்றால் அப்பாவின் விரல் தானாகத் தாளம் போட்டிருக்கும். குனிந்து பார்த்தேன். கை வெளியே வரவில்லை. கடைசியில் மண்டபமே எழுந்து நின்று தட்டியபோது, "இப்ப தட்டலாமோ?" என்று என்னைக் கேட்டார். நான் ஓம் சொல்வதற்குள் வெளிச்சம் போட்டுவிட்டார்கள்.

தெகிவளையிலிருந்து:

தம்பி, வாசிக்க மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நானும் முதலில் கேட்டது இதே ஐந்தாவதைத்தான். எனக்கு மறக்காதது ட்ரொம்போன் என்ற பித்தளைக் குழல் ஊதுகிறவர்கள். மூன்று பகுதி முடியும்வரை அவர்களுக்கு வேலையே இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். நாலாவது பகுதி வெடித்துக் கிளம்பியபோது அவர்கள் ஊதிய முதல் சத்தம் என் கதிரையின் கைப்பிடியில் அதிர்ந்தது. அப்படி ஒன்றுக்காக வாசிப்பவரே காத்திருக்கும்போது, கேட்கிற நாங்களும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. இடையில் தட்டினால் அந்த இழை அறுந்துவிடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தெகிவளை அக்கா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பீத்தோவன் காலத்துச் சபை அப்படி இருக்கவில்லை. 1813இல் வியன்னாவில் அவருடைய ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது, இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கவைத்துத்தான் விட்டார்கள். நடுவில் கைகட்டி இருக்கும் வழக்கம் பிறகு வந்தது. பிறகு வந்த வழக்கத்துக்காக ஒரு பெரியவரைக் கூனிக்குறுக வைப்பதா?

நான் முதலில் போனது லயனல் வென்ற் அரங்குக்கு, கர்நாடக வயலின் பழகும் மகளோடு. அவள் பார்த்தது ஒன்றைத்தான்: "ஏன் எல்லாற்றை வில்லும் ஒரே பக்கம் போகுது?" அதற்குப் பிறகு நானும் வில்லுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, அடுத்த தடவைக்குச் சில விஷயம். நிகழ்ச்சித் தாளில் எத்தனை பகுதி என்று போட்டிருக்கும், அதை அப்பாவிடம் முதலே சொல்லிவிடுங்கள். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம். ஐந்தாவதில் மூன்றாம் பகுதி நிற்காமல் நாலாவதுக்குள் போய்விடும், எண்ணுகிறவருக்குக் கணக்குப் பிழைக்கும். நடத்துநரின் கையைப் பாருங்கள். கோல் கீழே இறங்கி, அவர் சபைப் பக்கம் திரும்பினால் முடிந்தது என்று அர்த்தம். முன்வரிசை டிக்கெட் எடுக்காதீர்கள், வயலின்காரரின் முதுகுதான் தெரியும். மேல்மாடம் உள்ள மண்டபமென்றால் அங்கே இருங்கள், டிம்பனிக்காரர் தோலில் காதை வைத்துச் சுருதி பார்ப்பதுகூடத் தெரியும். அப்பாவுக்கு அது பிடிக்கும். ஏசி குளிருக்கு ஒரு சால்வை வேண்டும். இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958 முதல் இங்கே வாசித்து வருகிறது, அவர்களுடைய நிகழ்ச்சி எப்போது என்று பார்த்து வையுங்கள். இன்னொன்று, போவதற்கு முன் வீட்டில் இரண்டு தடவையாவது கேட்கவையுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:

நன்றி அண்ணா. ஆனால் எப்போது தட்டுவது என்பது எனக்குப் பிரச்சினையில்லை. தனி ஆவர்த்தனம் முடிந்ததும் சபை தட்டுகிற தட்டுக்காகவே வாழ்ந்த மனிதர் அவர். அதைத்தான் அன்றைக்கு அந்த மேடைக்குக் கொடுக்கப் பார்த்தார். முன்னால் இருந்தவருக்கு அது சத்தமாகத்தான் கேட்டது.

நேற்று இரவு அந்த டிம்பனி இடத்தைப் போனில் போட்டுக் காட்டினேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு விரலால் கூடவே தட்டினார், ஒரு அடியும் பிசகவில்லை. "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். அடுத்த முறை வருவீங்களோ என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.