புதுப்பிப்பு: கொடி மட்டும் ஓடிய சீனிக்கிழங்கு, பொங்கலுக்குக் கிழங்கு வைத்துவிட்டது

ஐப்பசியில் இங்கே கேட்டிருந்தேன்: காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் ஆவணிக் கடைசியில் ஊன்றிய சீனிக்கிழங்கு காடாய்ப் படர்கிறது, தோண்டிப் பார்த்தால் வெறும் வேர்தான், என்ன செய்வது என்று. சாணி உரம் அதிகம், தழைச்சத்து கொடிக்கே போகிறது என்றீர்கள். அதேதான்.

உரத்தை நிறுத்திவிட்டு அடுப்புச் சாம்பல் மட்டும் தூவினேன். எதிர்வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "கொடியைத் தூக்கிப் புரட்டிப் போடுப்பா. கணுவுக்குக் கணு வேர் விட்டா அடியில எப்படிப் பெருக்கும்?" என்றார்கள். அப்புறம் வாரம் ஒரு தடவை தூக்கினேன். செம்மண்ணை விட்டு வெள்ளை வேர்கள் படபடவென்று அறும் சத்தம் காதில் கேட்கும்.

மார்கழிக் கடைசியில், 118ஆம் நாள் தோண்டினேன். 12 கொடித்துண்டுக்கு 7 கிலோ! நாலு கிழங்கில் மட்டும் கூன்வண்டுத் துளை. மண் வெடித்திருந்த இடத்தில்தான் அது இறங்கியிருக்கிறது. மழை விட்டதும் இன்னொரு தடவை மண் அணைத்திருக்க வேண்டும். வண்டு விழுந்த கிழங்கு அவித்தாலும் கசக்கும், மாட்டுக்கும் போடாதீர்கள்.

பொங்கலன்று அவித்தது மாவாகத்தான் இருந்தது. மிச்சத்தைக் கழுவாமல் நிழலில் பரப்பி, பத்து நாள் கழித்து அவித்தோம். அப்படியொரு இனிப்பு! மாவு சர்க்கரையாக மாற அந்த நாட்கள் வேண்டும்.

கொடி நுனிகளைக் கிணற்றடியில் ஊன்றி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள், ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கித் தருகிறேன்.