கடிக்கிற நாய்க்கு யார்கிட்ட போறது? டிரெய்னரா, டாக்டரா?

சென்னிமலைக்காரன்:
வணக்கமுங்க. தோட்டத்து சாளையில கோம்பை கிராஸ் கடுவன் ஒண்ணு வச்சிருக்கோம், மூணு வயசாகுது. முன்னெல்லாம் குலைக்கும், அவ்வளவுதான். இப்ப கொஞ்ச மாசமா பால்காரரு வண்டி இட்டேரிக்குள்ள திரும்பறப்பவே சங்கிலிய அத்துட்டு போறமாட்ட பாயுது, ஒறம்பரை வந்தா மாட்டுக் கொட்டாய்க்கு அக்கட்ட கொண்டு போய் கட்ட வேண்டியதா இருக்குது. போன வாரம் என்ற பாப்பா கழுத்தைக் கட்டிப் புடிச்சப்ப கையில கடிச்சிருச்சுங்க, ரெண்டு பல்லு எறங்கியிருக்குது. ஜிஎச்ல ஊசி போட்டுட்டு இருக்கோம். திருப்பூர் பக்கம் ஒரு டிரெய்னர், ஒரு மாசம் எங்கிட்ட விட்டுருங்க, கழுத்துல கரண்ட் பெல்ட் போட்டு நேராக்கித் தர்றேன், இருவதாயிரம் ஆகும், கேரண்டிங்கறாரு. எங்க அப்பாரு, வண்டியில ஏத்தி ஆத்துக்கு அக்கட்ட வுட்டுட்டு வாடாங்கறாரு. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொளத்துப்பாளையம்:
ஏனுங்க, இதுல யோசிக்க என்ன இருக்குது, டிரெய்னர்கிட்ட விடுங்க. நாய்க்கு ஊட்ல யாரு பெரியாளுன்னு தெரியலைன்னா இப்படித்தான் தலைக்கு மேல ஏறும். பொடனியப் புடிச்சு நாலு அமுக்கு அமுக்குனா அடங்கீரும். நாங்க தலைமுறையா நாய் வளர்க்கறோம், எந்த டாக்டர்கிட்டயும் புத்திமதி கேட்டதில்ல.

நாமக்கல் அம்மிணி:
அண்ணா முதல்ல பாப்பா விஷயம். ஊசிய நடுவுல விட்டுராதீங்க, தோலுக்குள்ள போடறதுன்னா முதல் ஊசி நாள 0ன்னு வச்சு 0, 3, 7, 28ன்னு நாள் கணக்கு, நாய் நல்லாத்தானே இருக்குதுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. பல்லு எறங்கியிருக்கறதால காயத்தைச் சுத்திப் போடற இம்யூனோகுளோபுலின்ங்கற ஊசியும் போட்டாங்களான்னு கேளுங்க. வெறி நோய் அறிகுறி வருதான்னு நாய 10 நாள் கண்ணுல வச்சிருக்கணும், அதனால இப்ப எங்கயும் தாட்டி விடாதீங்க, டிரெய்னர்கிட்டயும்தான். அப்பறம் ஒண்ணு கேக்கறேன், கழுத்தைத் தொட்டப்பத்தான் கடிச்சுதா? தலையச் சிலுப்புதா, காதைச் சொறியுதா?

சென்னிமலைக்காரன்:
ஆமாங்க, தலைய ஆட்டீட்டே இருக்குது. உண்ணி இருக்கும்னு நினைச்சு மருந்து தண்ணி ஊத்துனோம்.

நாமக்கல் அம்மிணி:
அதைத்தான் பாக்கச் சொல்றேன். காதுக்குள்ள சீழ் வச்சிருந்தா பாப்பா கட்டிப் புடிச்சது அதுக்கு உசுரு போற வலியா இருந்திருக்கும். இடுப்பெலும்பு வலி, உண்ணிக் காய்ச்சல், தைராய்டு குறைச்சல்னு எதுனாலும் திடீர்னு கோவம் வரலாம், ரத்தம் டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. வலியோட இருக்கற நாய்க்கு கரண்ட் வச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985ல இருந்து இருக்குது, நம்மாளுங்க கோழிக்கும் மாட்டுக்கும்தான் அதுன்னு நினைச்சிட்டு இருக்காங்க, நாயும் பாக்கறாங்க. உடுமலையிலயும் இப்ப காலேஜ் இருக்குது. முதல்ல டாக்டர், டிரெய்னர் எல்லாம் அதுக்கப்பறம்.

கொளத்துப்பாளையம்:
சரிங்க அம்மிணி, காது வலி பாப்பாவக் கடிச்சதுக்கு ஆச்சு. பால்காரரு காதையா தொட்டாரு?

நொய்யல்கரை:
கேள்வி நியாயமான கேள்விதான், ஆனா பதிலு நீங்க நினைக்கறது இல்ல. ரெண்டும் வேற வேற கோவம். பால்காரரு கதை என்னன்னா, வர்றாரு, இது குலைக்குது, அவரு பால ஊத்தீட்டு கிளம்பறாரு, நாம குலைச்சதாலதான் ஓடுனான்னு தினமும் அதுக்கு ஒரு வெற்றி, இதுல பகல் பூரா சங்கிலியில வேற கட்டிக் கெடக்குது. பயந்துட்டு பாயற நாய்தான் இதுல முக்காவாசி. இப்ப கரண்ட் பெல்ட் போட்டு, அவரு வர்றப்ப பட்டன அமுக்குனா நாய் என்ன கத்துக்கும்? இந்த ஆளு வந்தா கழுத்துல வலிக்கும்னு. உறுமறத நிறுத்தீரும், டிரெய்னரு வீடியோ எடுத்து அனுப்புவாரு, நீங்க சந்தோசப்படுவீங்க, ஒரு நாள் சத்தமே இல்லாம நேராக் கடிக்கும். உறுமறது நமக்குக் குடுக்கற எச்சரிக்கைங்க, அதைப் போய் அடிச்சு நிறுத்துனா எப்படி? யாரு பெரியாளுங்கற கதையும் 1947ல ஷென்கெல்ங்கற ஆராய்ச்சியாளரு அடைச்சு வச்ச ஓநாயப் பாத்து எழுதுனதுல இருந்து வந்தது. காட்டுல ஓநாய்க் கூட்டம்ங்கறது பெரும்பாலும் அப்பன் ஆத்தா குட்டிங்கதான்னு அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளரு டேவிட் மெக் 1999லயே எழுதீட்டாரு.

கொளத்துப்பாளையம்:
ஓநாய் அமெரிக்கா எல்லாம் எதுக்குங்க? போலீஸ் நாய்க்கெல்லாம் லட்டு குடுத்தா பழக்கறாங்க?

நொய்யல்கரை:
லட்டு இல்ல, பந்து. மோப்பம் புடிக்கிற நாய் அந்தப் பந்து வெளையாட்டுக்காகத்தான் அவ்வளவு வேலையும் செய்யுது :)

பல்லடம் அக்கா:
நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டே இருங்க. கொழந்தை இருக்கற ஊடுங்க அது. நாயத் திருத்தற வரைக்கும் அந்தப் பாப்பா எங்க இருக்கும்? மருந்து, பயிற்சின்னு மாசக்கணக்குல ஆகும், அதுக்குள்ள மூஞ்சிய கடிச்சா? என்னைக் கேட்டா வேற தோட்டத்துக்குக் குடுத்துருங்க, இல்லைன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டு முடிச்சிருங்க. கல்லு மனசுன்னு திட்டறவங்க திட்டிக்கோங்க.

நாமக்கல் அம்மிணி:
அக்கா சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கறேன். டாக்டர் பாக்கற வரைக்கும் பாப்பாவும் நாயும் ஒரே எடத்துல இருக்கவே கூடாது, நடுவுல கதவு இருக்கணும், சங்கிலிய நம்பாதீங்க. ஆனா கடிக்கற நாய வெவரம் சொல்லாம இன்னொருத்தர் தலையில கட்டறது பாவம், அங்கயும் கொழந்தை இருக்கும். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி கடி எப்படின்னு பாக்கணும். இயன் டன்பார்னு ஒரு கால்நடை டாக்டரு நாய்க்கடிய ஆறு படியா பிரிச்சிருக்காரு, பல்லு படாத பாய்ச்சல் முதல் படி, ஒரே கடியில பல்லு மேலோட்டமா எறங்குனா மூணு, ஆழமா எறங்குனாலோ புடிச்சு உலுக்குனாலோ நாலு. பாப்பாவுக்கு மூணாட்டத்தான் தெரியுது. நாலுக்கு மேலன்னா அக்கா சொல்றத நானும் யோசிப்பேன்.

கொளத்துப்பாளையம்:
அப்பாரு சொன்னாப்ல ஆத்துக்கு அக்கட்ட விடறதுதான் செலவில்லாத வேலை. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம்னு ஒருத்தரு வருவீங்க, தெரியும், முதல் தடவைக்கு அபராதம் அம்பது ரூபாதான் அதிகபட்சம்.

நொய்யல்கரை:
அம்பது ரூபாய்க்கு சிரிக்கறீங்க சரி. இப்படி விட்ட நாயெல்லாம் கூட்டம் சேந்துதான் காங்கேயம், தாராபுரம் பக்கம் பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கொதறுது, நம்ம சனமே ரோட்ல ஒக்காந்து மறியல் பண்ணுச்சே, மறந்துட்டீங்களா? அதே 1960 சட்டம் எந்நேரமும் கட்டி வச்ச நாய நடக்க விடாததும் குத்தம்னுதான் சொல்லுது. அப்பறம் பால்காரரக் கடிச்சு அவரு ஸ்டேஷனுக்குப் போனாருன்னா அது புது தண்டனைச் சட்டம் பிஎன்எஸ்ல 291வது பிரிவு, ஆறு மாசம் வரை உள்ள இல்லைன்னா ஐயாயிரம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

கொளத்துப்பாளையம்:
சட்டம் பேசறது சுலுவுங்க. சாளையில வயசானவங்க தனியா இருக்காங்க, நாய் நாலு பேரைப் பயமுறுத்தலைன்னா திருடன் வந்து நிப்பான். அதையும் நெனச்சுப் பாருங்க. இன்னொண்ணு, நீங்க சொல்ற மாதிரி நாய் நடத்தை பாக்கற நிபுணரு கோபியிலயும் பவானியிலயும் எங்க இருக்காரு? பெங்களூரு வரைக்கும் நாயத் தூக்கீட்டு போறதா? இருக்கற டிரெய்னரத்தானுங்க கூப்பிடணும்.

நாமக்கல் அம்மிணி:
ஆளு கம்மிதான், அது நெசம். அதனாலதான் டாக்டர்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்றேன், டாக்டர்னா கால்நடை கவுன்சில்ல பதிவு இருக்கணும், டிரெய்னருன்னு போர்டு மாட்டறதுக்கு ஒரு படிப்பும் வேண்டியதில்ல. காது புண்ணு ஆறி, அதுக்கப்பறமும் பயம் போகலைன்னா பயத்தைக் கொறைக்கற ஃப்ளூவாக்ஸட்டின் மாதிரி மருந்து டாக்டரு எழுதலாம், புடிக்கறதுக்கே நாலஞ்சு வாரம் ஆகும், மெடிக்கல்ல நீங்களா வாங்கிக் குடுத்துராதீங்க. நாய் நடத்தை பாக்கறவங்க சில பேரு வீடியோ கால்லயே வழி சொல்றாங்க, பெங்களூரு போக வேண்டியதில்ல. டிரெய்னரக் கூப்பிட்டாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. நாய் தப்பு பண்ணா என்ன செய்வீங்க? நாங்க கூடவே நின்னு பாக்கலாமா? ரெண்டாவதுக்கு முடியாதுன்னா அப்பவே வெச்சுருங்க போன. கேரண்டி தர்றவர்கிட்ட போகவே போகாதீங்க. அமெரிக்க கால்நடை நடத்தை சங்கம் 2021ல எழுதுனதுல, கடிக்கிற நாய்க்கும் பரிசு குடுத்துப் பழக்கறதுதான் முறைன்னு தெளிவாச் சொல்லியிருக்காங்க, கொளத்துப்பாளையம் அண்ணன் அமெரிக்கான்னு கோவிச்சுக்கக் கூடாது.

கொளத்துப்பாளையம்:
கோவமெல்லாம் இல்லீங்க. திருடன் வந்தா அதுக்கு பிஸ்கெட்டு போட்டு அனுப்பீராதீங்க, அவ்வளவுதான்.

நொய்யல்கரை:
குலைக்கறத யாருங்க நிறுத்தச் சொன்னது? திருடனுக்கு சத்தமே போதும். தோட்டத்துல கம்பி வேலி போட்டு ஒரு கூண்டடைப்பு கட்டி, பால்காரரு கேட்டுக்கு வெளிய கேன வச்சிட்டுப் போற மாதிரி பண்ணுங்க, பாதி சிக்கல் அங்கயே போயிரும்.

சென்னிமலைக்காரன்:
டிரெய்னர்கிட்ட நின்னு பாக்கலாமான்னு கேட்டனுங்க, அது எங்க ரகசிய முறைங்கன்னாரு. வேண்டான்னுட்டேன். 10 நாள் முடியட்டும், நாமக்கல் போறோம். பாப்பாவ அதுவரைக்கும் அம்மிச்சி ஊட்டுக்குத் தாட்டி விட்டாச்சு. கார்ல எப்படிக் கூட்டிட்டுப் போறது, அங்க டாக்டரக் கடிச்சா?

நாமக்கல் அம்மிணி:
10 நாளுக்குள்ள சோறு தண்ணி எறங்காம, எச்சி ஒழுகி, ஒரு மாதிரி இருந்தா பக்கத்துல போகாதீங்க, அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லீருங்க. இல்லைன்னா கூடை மாதிரி இருக்கற வாய்மூடி வாங்குங்க, துணியில இறுக்கிக் கட்டறது வேண்டாம், அதுல வாயத் தெறந்து மூச்சு வாங்க முடியாது. காது, கழுத்துப் பக்கம் வலி இருக்கலாம்ங்கறதால வாரைப் பின்னால மாட்ட வேண்டாம், இப்போதைக்கு உள்ள கொஞ்சம் தயிரு தடவி அதுவா மூஞ்சிய விட வைங்க, போற அன்னைக்குப் புதுசா மாட்டுனா ஒத்துக்காது. பால்காரரு வண்டிக்குப் பாயறத தூரத்துல இருந்து போன்ல வீடியோ எடுத்து வைங்க, அதுக்குன்னு அவர வரச் சொல்லாதீங்க. வலி மாத்திரை மனுசனுக்குப் போடறது ஒண்ணும் குடுத்துராதீங்க. அங்க போனதும் நாய வண்டியிலயே விட்டுட்டு, கடிக்கும்னு முதல்ல போய்ச் சொல்லீருங்க, அவங்க சொல்றப்ப எறக்குங்க.