ஒப்பந்தம் மிச்சமிருக்கும் வீரருக்கு என்ன விலை? ஏ.எஃப்.எல். டிரேட் ஊகங்களை எடைபோடுவது எப்படி

ஐம்பதுமீட்டர் (கேள்வி)

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீகான ஏ.எஃப்.எல்.லின் டிரேட் காலத்தில் (அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் காலம்), 2025 அக்டோபரில் நடந்த மூன்று விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. கிறிஸ்டியன் பெட்ராக்காவுக்கு மெல்பர்ன் அணியில் 2029 வரை ஒப்பந்தம் இருந்தது. கோல்ட் கோஸ்ட் போய்விட்டார். சார்லி கர்னோவுக்குக் கார்ல்டனில் 2029 வரை இருந்தது. சிட்னி போய்விட்டார். எசண்டன் கேப்டன் ஜாக் மெரட்டுக்கு 2027 வரைதான். ஹாதார்னுக்குப் போகக் கேட்டும் விடவில்லை. குறைந்த ஆண்டுகள் மிச்சமிருந்தவர்தான் மாட்டிக்கொண்டார்.

பிக் என்பது புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஓர் அணிக்கு உள்ள தேர்வு முறை; கீழே முடித்த அணிக்கு முன் எண். "ரெண்டு முதல் சுற்று பிக் குடுத்தா வந்துடுவார்" என்று ரசிகர்கள் எழுதுவதில் எது நடக்கக்கூடியது, எது வெறும் ஆசை என்று பிரிக்க எந்த வரிசையில் கணக்குப் போட வேண்டும்? கூடவே இன்னொன்று: ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து, டிரேட் இல்லாமலே வேறு அணிக்குப் போகும் உரிமை உள்ளவராக) ஒருவர் வெளியேறினால் பழைய அணிக்குக் கிடைக்கும் இழப்பீட்டு பிக் ஏன் இவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது?

கடைசிக்குவாட்டர்

ஆட்டத் திறமையிலிருந்து விலையை ஆரம்பிப்பதுதான் பெரும்பாலான ஊகங்கள் தடம்புரளும் இடம். முதலில் பார்க்க வேண்டியது வீரருடைய ஒப்பந்த நிலை. பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தால் பழைய அணி "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காரலாம். ஒப்பந்தம் முடிந்து, ஆனால் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் அளவுக்கு ஆண்டுகள் சேராதவர் என்றால், டிரேட் நடக்காவிட்டால் அவர் டிராஃப்ட் வழியாகக் கைமாறிவிடக்கூடும். அதனால் பழைய அணி கொஞ்சம் இறங்கி வரும். ஃப்ரீ ஏஜென்ட் என்றால் விளையாட்டே வேறு. அதைப் பின்களம் நன்றாகச் சொல்வார்.

இன்னொரு விதி ரசிகர்களின் கணக்கில் விட்டுப்போகிறது: வீரரின் சம்மதம் இல்லாமல் ஏ.எஃப்.எல்.லில் டிரேட் கிடையாது. "எங்க ஆளு ஒருத்தரையும் ஒரு பிக்கையும் குடுத்துடலாம்" என்று எழுதும்போது, அந்த "எங்க ஆளு" வேறு ஊருக்குக் குடிபோக ஒத்துக்கொள்வாரா என்று கேட்க வேண்டும். கர்னோ பேரத்தில் சிட்னியிலிருந்து வில் ஹேவர்ட் கார்ல்டனுக்குப் போகச் சம்மதித்தார். அவர் மறுத்திருந்தால் பேரத்தை முதலிலிருந்து கட்டியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மூன்று பேர். மூவரிடமும் பழைய அணிக்கு முழு அதிகாரம் இருந்தது. ஆகவே எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைவிட, எதிர்ப்பக்கத்தில் என்ன சரக்கு இருந்தது என்பதே தீர்மானித்தது. கோல்ட் கோஸ்ட் 7, 8ஆம் பிக்குகளையும் 2026இன் முதல் சுற்றையும் மேசையில் வைத்தது. சிட்னி ஹேவர்டோடு மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளை வைத்தது (கார்ல்டனும் பதிலுக்குப் பின்வரிசை பிக்குகளைத் திருப்பிக் கொடுத்தது). 2025இலிருந்து இரண்டு ஆண்டு முன்கூட்டியே பிக்குகளை விற்கலாம் என்று விதி தளர்ந்ததால்தான் 2027இன் பிக் அந்தப் பேரத்துக்குள் வர முடிந்தது. ஹாதார்னோ மேல்வரிசையில் முடித்த அணி. அவர்களுடைய சொந்த பிக் எத்தனை கொடுத்தாலும் சுற்றின் வால்பகுதியில்தான் விழும். கேப்டனை இழக்கும் அணிக்கு அது போதவில்லை. டிரேட் காலத்தின் கடைசி மாலை 7.30க்குக் கதவு மூடியதும் எல்லாம் முடிந்தது.

அதனால் "இரண்டு முதல் சுற்று" என்று யாராவது எழுதினால் உடனே கேளுங்கள்: எந்த அணியின் முதல் சுற்று? 4ஆம் பிக்கும் 17ஆம் பிக்கும் ஒரே பெயரில்தான் அழைக்கப்படுகின்றன.

பின்களம்

இழப்பீட்டு பிக் பற்றி. ஃப்ரீ ஏஜென்சி 2012இல் வந்தது. ஒரே அணியில் 8 ஆண்டுகள் முடித்து, அந்த அணியின் சம்பளப் பட்டியலில் மேல் 25 சதவீதத்தில் இருப்பவர் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட். புது அணி கொடுக்கும் சம்பளத்தைப் பழைய அணியும் தருவதாகச் சொல்லித் தடுக்கலாம். 10 ஆண்டுகள் முடித்திருந்தாலோ, மேல் 25 சதவீதத்துக்குள் இல்லாவிட்டாலோ தடுக்க முடியாது.

இழப்பீடு ஐந்து படிகளில் வரும்: முதல் சுற்று, முதல் சுற்றின் முடிவு, இரண்டாம் சுற்று, அதன் முடிவு, மூன்றாம் சுற்று. எந்தப் படி என்பதை முக்கியமாக வீரரின் வயதும் புது ஒப்பந்தத்தின் சம்பளமும் தீர்மானிக்கின்றன. ஏறுமாறு வருவது இதற்கு அப்புறம். முதல் படி கிடைத்தால் அந்த பிக், அணியின் சொந்த முதல் பிக்கிற்கு நேர் அடுத்து செருகப்படும். ஆக, கீழே முடித்த அணிக்கு அது தங்கம்.

2013இல் லான்ஸ் ஃபிராங்க்ளின் 9 ஆண்டு, 1 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சிட்னி போனார். அந்த ஆண்டின் சாம்பியன் ஹாதார்னுக்கு இழப்பீடாகக் கிடைத்தது 19ஆம் பிக். அடுத்த ஆண்டே ஜேம்ஸ் ஃபிராலி மெல்பர்னிலிருந்து ஹாதார்ன் போனார். மெல்பர்னுக்குக் கிடைத்தது 3ஆம் பிக்! 2023இல் பென் மெக்கே எசண்டன் போனபோது நார்த் மெல்பர்னுக்கும் 3ஆம் பிக்தான். ஃபிராங்க்ளினைவிட ஃபிராலி பெரிய ஆட்டக்காரர் என்று எந்த ரசிகரும் சொல்ல மாட்டார். இது நியாயமே இல்லாத ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து, ஆனால் ஊகிக்கும்போது இதை வைத்துத்தான் கணக்குப் போட்டாக வேண்டும்.

நடைமுறையில் இதன் பலன் என்ன? கீழ்வரிசை அணி தன் வீரரைத் தடுக்காமல் சும்மா விட்டுவிடும், இழப்பீடே கொழுத்தது. மேல்வரிசை அணி தடுத்து, டிரேட் பேரத்துக்கு இழுக்கும். 2015இல் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டுக்காக ஜீலாங் 9, 28ஆம் பிக்குகளையும் டீன் கோரையும் அடிலெய்டுக்குக் கொடுத்து, டேஞ்சர்ஃபீல்டையும் 50ஆம் பிக்கையும் வாங்கியது. 2020இல் ஜி.டபிள்யூ.எஸ். ஜெரமி கேமரனைத் தடுத்து நிறுத்தியதால், ஜீலாங் மூன்று முதல் சுற்று பிக்குகளை இறக்க வேண்டி வந்தது.

சைரன்

கடைசிக்குவாட்டர் சொன்னதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். "சரக்கு" என்பதோடு நிற்கக்கூடாது. கொடுப்பவருக்கு அந்தச் சரக்கு உண்மையில் தேவையா என்றும் பார்க்க வேண்டும்.

கோல்ட் கோஸ்ட் 7, 8ஐ ஏன் அவ்வளவு எளிதாக விட்டது? 2025 டிராஃப்டில் அவர்களுடைய அகாடமிப் பையன்கள் (அணியே வளர்த்த உள்ளூர் இளைஞர்கள்) முன்வரிசையில் வரப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சீக் யூலண்டுக்கு 2ஆம் பிக்கிலேயே ஏலம் வந்தது. டிலன் பேட்டர்சனுக்கு 5இல். வேறு அணி ஏலம் கேட்டால், அதற்கு ஈடான புள்ளிகளை (ஒவ்வொரு பிக்கிற்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு) தன் பிக்குகளிலிருந்து கழித்துக்கொண்டு சொந்த அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். கையில் 7ஆம் பிக் இருந்தால் அந்த ஏலமே அதை விழுங்கிவிடும். எப்படியும் விழுங்கப்படப்போகும் பிக்கைக் கொடுத்துப் பெட்ராக்காவை வாங்கினார்கள். அருமையான வேலை.

தந்தை-மகன் விதியிலும் இதே கணக்குதான். தந்தை அந்த அணிக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனுக்கு வந்த ஏலத்தை ஈடுகட்டலாம். ஆகவே ஊகிப்பதற்கு முன், வாங்கும் அணிக்கு அந்த ஆண்டு அகாடமி வீரரோ தந்தை-மகன் வீரரோ வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் அந்த அணி முன் பிக்கை விற்கும், நடுத்தர பிக்குகளைச் சேர்க்கும். ஆனால் பழைய கணக்கை அப்படியே போடாதீர்கள். முதல் சுற்று ஏலத்தை ஈடுகட்டும் புள்ளிகளில் 20 சதவீதமாக இருந்த தள்ளுபடி 2025இலிருந்து 10 சதவீதம் ஆகிவிட்டது. 54ஆம் பிக்கிற்கு அப்பால் புள்ளியும் இல்லை. 60, 65 என்று உதிரிகளைக் குவித்து ஏலத்தைச் சமாளிக்கும் வழி அடைபட்டுவிட்டது.

அடுத்தது சம்பள வரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை. இதை மறந்தால் சில டிரேடுகள் புரியவே புரியாது. 2022இல் கோல்ட் கோஸ்ட் ஜாக் போவ்ஸையும் 7ஆம் பிக்கையும் சேர்த்து ஜீலாங்குக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு மூன்றாம் சுற்று வருங்கால பிக்கை மட்டும் வாங்கியது. போவ்ஸின் மிச்சச் சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்குவதற்கான கூலி அந்த 7ஆம் பிக். 2020இல் காலிங்வுட் ஆடம் டிரெலோரை வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு அனுப்பியபோது, போன பிறகும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டியது. 2025இல் கிளேட்டன் ஆலிவர் ஜி.டபிள்யூ.எஸ். போனதும் அப்படித்தான், மெல்பர்னுக்குக் கிடைத்த பிக் மிகச் சிறியது. பழைய அணி சம்பளத்தில் எவ்வளவு சுமக்கும் என்று தெரியாமல் பிக் விலை சொல்வதில் பயனில்லை: அதிகம் சுமந்தால் நல்ல பிக் கேட்கலாம், சுமக்க மறுத்தால் விலை சரியும்.

ஐம்பதுமீட்டர்

மூவருக்கும் நன்றி, நிறையத் தெளிவாயிற்று. இரண்டு சந்தேகம். ஒப்பந்தம் முடிந்தவரின் டிரேட் கடைசி நாளில் உடைந்தால் நிஜமாகவே டிராஃப்டுக்குப் போகிறார்களா, அல்லது வெறும் மிரட்டலா? வருங்கால முதல் சுற்று பிக்கை எந்த எண்ணாக வைத்து மதிப்பிடுவது?

கடைசிக்குவாட்டர்

அரிது, ஆனால் வெறும் மிரட்டல் இல்லை. 2009இல் லூக் பால் செயின்ட் கில்டாவை விட்டு டிராஃப்டில் நுழைந்தார், காலிங்வுட் 30ஆம் பிக்கில் எடுத்தது. 2019இல் ஜாக் மார்ட்டினுக்காக கோல்ட் கோஸ்டும் கார்ல்டனும் பேசியது உடைந்து, பருவத்துக்கு முந்தைய டிராஃப்டில் கார்ல்டன் அவரை எடுத்தது. அங்கே ஆபத்து, முன்வரிசையில் இருக்கும் வேறு அணி தூக்கிவிடுவது. அதைத் தடுக்கத்தான் முதல் ஆண்டிலேயே சம்பளத்தின் பெரும்பங்கைக் குவித்துக் கேட்பார்கள், மற்ற அணிகளின் வரம்புக்குள் அது அடங்காது. ஆகவே வாங்கும் அணிக்கு அடுத்த ஆண்டு வரம்பில் தாராள இடம் இருந்தால் மட்டும் இந்த மிரட்டலை நம்புங்கள்.

தடுத்து நிறுத்தினால் பின்னால் என்ன என்பதற்கு ஜோ டேனியர். 2019இல் ஒப்பந்தம் இருந்ததால் எசண்டன் சிட்னிக்கு விடவில்லை. அடுத்த ஆண்டு ஃப்ரீ ஏஜென்டாக பிரிஸ்பேன் போனார், எசண்டனுக்கு 7ஆம் பிக் கிடைத்தது. கீழே முடித்ததால் அந்த நிலை.

பின்களம்

வருங்கால பிக்கிற்கு: போன பருவத்து இடத்தை அப்படியே போடாதீர்கள். காலிங்வுட் 2020 டிராஃப்ட் இரவில் தன் 2021 முதல் சுற்றை ஜி.டபிள்யூ.எஸ்.க்கு விற்றது. 2021இல் 17ஆவதாக முடித்தது, அந்த பிக் 2ஆம் எண்ணாக வந்து விழுந்தது. காலிங்வுட்டுக்கு நிக் டெய்கோஸ் தந்தை-மகனாக வரவிருந்ததால் அடி குறைந்தது. பாதுகாப்பான வழி, இறுதிச்சுற்று ஆடிய அணி என்றால் 12இலிருந்து 16க்குள் வைத்து, மூத்த வீரர்கள் அதிகம் இருந்தால் இரண்டு மூன்று இடம் முன்னால் நகர்த்துவது.

2027 பிக்குகளை மட்டும் தனியாக எடைபோடுங்கள். 2028இல் டாஸ்மேனியா டெவில்ஸ் 19ஆவது அணியாக வருகிறது. புது அணி நுழையும்போது முன்வரிசை அவர்களுக்குப் போகும். 2010இல் கோல்ட் கோஸ்ட் முதல் மூன்று பிக்குகளையும், பிறகு 5, 7, 9, 11, 13, 15ஐயும் எடுத்தது. அதே மாதிரி நடந்தால் "2027இன் முதல் சுற்று" என்று யாராவது நீட்டும் பிக், பெயரில் 8 என்றாலும் தரத்தில் இன்றைய 17க்குப் பக்கத்தில்தான் நிற்கும்.