புதுப்பிப்பு: எஸ்யூவியா, ஹேட்ச்பேக்கா? முடிவு எடுத்துவிட்டேன்

கட்டுப்படியாகும் விலையில் மின்சாரக் கார் வேண்டும், எஸ்யூவி தோற்றம்தான் பிடிக்கிறது, எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இரண்டு வகையையும் ஓட்டிப் பார்த்து, ஹேட்ச்பேக் பதிவு செய்துவிட்டேன். எனக்கு நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எஸ்யூவி போல வண்டி உயரமாகவும் அகலமாகவும் இருந்தால் இன்னும் கூடும். உதாரணத்துக்கு, ஹூண்டாய் ஐயோனிக் 6 விலை குறைந்த கார் இல்லைதான், ஆனால் அதன் காற்றுத்தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு; குறைந்தால் நல்லது) வெறும் 0.21. வடிவம் என்ன செய்யும் என்பதற்கு அது போதும்.

அப்புறம், பின்சீட். வண்டியின் தரைக்கடியில் பேட்டரி இருந்து தரை உயர்ந்துவிடுவதால் முதலில் பார்த்த வண்டியில் அப்பாவின் முழங்கால் தூக்கிக்கொண்டு நின்றது, தொடை சீட்டில் படியவே இல்லை. அடுத்ததில் சீட்டைச் சற்று உயர்த்தி வைத்திருந்தார்கள். சாய்ந்து உட்கார்ந்து, “இது போதும்ப்பா” என்றார். அங்கேயே முடிவாகிவிட்டது.

கிரில் (காற்று உள்ளே போகும் முன்பக்கச் சல்லடை) இல்லாத முகப்பு முதலில் மொட்டையாகத் தெரிந்தது. மோட்டாருக்கு எஞ்சின் அளவு குளிர்காற்று தேவையில்லை என்று புரிந்தபின் அதுவே அழகாகப் படுகிறது. நீல நிறம் எடுத்திருக்கிறேன்.